லேப்டாப்பின் அடியில் வைத்த பொட்டு

லைசென்ஸ் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் வைத்திருந்த டிரைவிங் லைசென்ஸ். அவர் வேன் ஓட்டினார். வண்டிக்கு ஆர்.சி. புத்தகம், ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ். போலீஸ் நிறுத்தினால் இரண்டையும் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒரு லேப்டாப்புக்குள் இத்தனை லைசென்ஸ் இருக்கும், அதில் ஒன்று லேப்டாப்போடு கூடவே சாகும், இன்னொன்று சாகவே சாகாது என்றெல்லாம் யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால், நான் பேசாமல் கையில் ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எனக்குத் தொழில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு ஹாலில் பாதியை அந்த மெஷின்தான் அடைத்துக்கொண்டிருக்கிறது. அவரும் நானும் சேர்ந்து போய்ப் பார்த்து வாங்கியது. லேப்டாப்பில் டிசைன் வரைவேன், அதை மெஷின் துணியில் தைக்கும். வரைவதற்கு ஒரு புரோகிராம் உண்டு. அது திறக்க வேண்டுமென்றால் பென் டிரைவ் மாதிரி இருக்கும் ஒரு பச்சைச் சாவியை லேப்டாப்பில் சொருக வேண்டும். அதற்கு டாங்கிள் என்று பேர். அந்த டாங்கிளுக்குள்தான் புரோகிராமின் லைசென்ஸ் இருக்கிறது, ஆயுசுக்கும் செல்லும் என்று விற்றவர் சொன்னார். யாருடைய ஆயுசுக்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

அவர் போய்ச் சேர்ந்தது போன தைக்கு முந்தின தையில். நெஞ்சு வலிக்கிறது என்றார், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வீட்டில் நானும் மெஷினும்தான். காலையில் எழுந்ததும் மெஷினை ஓடவிட்டுவிடுவேன். அந்தச் சத்தம் இல்லையென்றால் வீடு என்னைப் பிடித்துத் தின்பது போல இருக்கும்.

அப்படி இருக்கையில்தான் லேப்டாப் படுத்தது. கிள்ளை மீனவர் குப்பத்திலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணுக்கு பிளவுஸ் ஆர்டர் வந்திருந்தது. பெண்ணின் அம்மா துணியெல்லாம் கொடுத்துவிட்டு, "ஆவணியில முகூர்த்தம், மீன் லேட்டா வந்தா வித்துக்கலாம், பிளவுஸு லேட்டா வந்தா என்னா பண்றது?" என்று சிரித்துவிட்டுப் போயிருந்தார். நான் லேப்டாப்பைத் திறந்தால் உள்ளே கடக் கடக்கென்று ஒரு சத்தம், கறுப்புத் திரை, அவ்வளவுதான். கடலூரில் காட்டிய கடையிலெல்லாம் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றார்கள். நல்லவேளை, டிசைன் எல்லாம் பென் டிரைவில் இருந்தது. ஆனால் புரோகிராம் திறக்காமல் அதை மெஷினுக்கு அனுப்ப முடியாது.

என் கொழுந்தனார், அவருடைய தம்பி, பாண்டிச்சேரியில் வேலை பார்க்கிறார். தங்கமான மனுஷன். விஷயம் கேள்விப்பட்ட வாரமே ஒரு புது லேப்டாப்பைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தார். கண்ணாடி மாதிரி மினுமினுப்பு. டாங்கிளைச் சொருகினோம், புரோகிராமைப் போட்டோம். இங்கிலீஷில் ஒரு பெட்டி வந்தது. இந்த ஓ.எஸ்.ஸில் ஓடாது, பழைய ஓ.எஸ். வேண்டும் என்கிறதாம்.

"ஓ.எஸ்.னா என்னா தம்பி?"

"அதான் அண்ணி லேப்டாப்புக்கு உயிரு மாதிரி. அது ஏறுனாதான் மத்ததெல்லாம் ஓடும். உங்க புரோகிராம் பழசு. பழைய உயிருலதான் ஓடும்."

"அப்ப இதுல பழைய உயிர ஏத்துங்க."

"அதுக்கு லைசென்ஸ் வேணும் அண்ணி."

"இதுக்குத்தான் லைசென்ஸ் இருக்குதே. காசு குடுத்துதான வாங்கனீங்க?"

"இது புதுசுக்கு உண்டான லைசென்ஸ். இதுலயே ஒசத்தியான லைசென்ஸ் ஒண்ணு இருக்குதாம், அதை வெச்சிருந்தா பழசுக்கு எறங்கிக்கலாமாம். நம்மளுது வீட்டு உபயோகத்துக்கு உள்ளது. எறங்க முடியாது."

எனக்குத் தலை சுற்றியது. புதுப் புடவை எடுத்தவள் வீட்டில் பழைய புடவை கட்டிக்கொள்ளக் கூடாதா? ஜாஸ்தி காசு கொடுத்தவள் மட்டும் பழசைக் கட்டிக்கொள்ளலாமா? உலகத்தில் எங்கேயாவது இப்படி ஒரு நியாயம் உண்டா? கேட்டால், "எனக்கும் புரியல அண்ணி, போட்டிருக்குது" என்று திரையைக் காட்டினார்.

சரி, புரோகிராம் விற்ற கம்பெனியைக் கேட்போம், புது ஓ.எஸ்.ஸுக்கு ஏற்ற மாதிரி தருவார்கள் என்று போன் போட்டேன். எவரோ எடுத்து ராங் நம்பர் என்றார். விசாரித்தால் அந்தக் கம்பெனியே இப்போது இல்லையாம். டாங்கிள் மட்டும் ஆயுசோடு என் கையில் இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடைக்காரர் கிராக் காப்பி போட்டுத் தருகிறேன் என்றார். அப்படியென்றால் லைசென்ஸ் இல்லாத காப்பி. "எல்லாரும் இதான்க்கா போடறாங்க, போலீஸா வரப் போவுது?" என்றார். அவசரத்தில் நானும் சரி என்றுவிட்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். புது லேப்டாப்பில் பழைய ஓ.எஸ். ஏறியது. ஏறி என்ன? மவுஸ் நகரவில்லை. டாங்கிளைச் சொருகினால் சொருகினதே அதற்குத் தெரியவில்லை. லேப்டாப் ரொம்பப் புதுசாம், பழைய ஓ.எஸ்.ஸுக்கு அதில் சொருகுகிற ஓட்டைகளையே அடையாளம் தெரியாதாம். கொஞ்ச நாளில் திரையும் கறுத்துப்போய், மூலையில் இது உண்மையான காப்பி இல்லை என்று எழுத்து வந்துவிட்டது. என் வீட்டு மேஜையில், என் லேப்டாப்பில், என்னைத் திருடி என்று எழுதி வைத்திருக்கிறது! அடச்சீ என்று மூடிவிட்டேன்.

கொழுந்தனாருக்குக் கோபம். "போச்சி, காசு குடுத்து வாங்கன புது லைசென்ஸும் அழிஞ்சி போச்சி" என்று பஸ் ஸ்டாண்டு கடையிலேயே போய்க் கத்தினார். கடைக்காரர் அசையவே இல்லை. "அது அழியாது சார். அது உள்ள போர்டுலயே இருக்குது, கண்ணுக்குத் தெரியாது. திரும்ப ஏத்துனா தானா வந்துரும்" என்றார். அதேபோல ஏற்றியதும் வந்துவிட்டது. எங்கே இருந்தது, எப்படி வந்தது, ஒன்றும் விளங்கவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

அன்றைக்குத்தான் கொழுந்தனார் மெதுவாக அந்தப் பேச்சை எடுத்தார். திட்டக்குடியில் ஒரு தையல்கடைக்காரருக்கு இந்த மாதிரி மெஷின் வேண்டுமாம். லேப்டாப் இல்லாமலேயே எடுத்துக்கொள்கிறேன் என்கிறாராம்.

"கிள்ளைக்காரங்க துணிய குடுத்துட்டு, மெஷின அவரு கையில குடுத்துடலாம் அண்ணி. எதுக்கு இந்தத் தலைவலி? நீங்க பாண்டிக்கு வந்து எங்களோடயே இருங்க."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அது எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "மெஷின் எங்கியும் போவாது" என்று சொல்ல வாயெடுத்தேன். ஓடாத மெஷினை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு சொல்வது? சிதம்பரத்தில் பழைய லேப்டாப் பார்க்கிற ஒருவர் இருக்கிறார் என்று நூல் கடையில் சொல்லியிருந்தார்கள். "அங்க ஒரு தடவை காட்டிப் பாத்துடுவோம். அவரும் கைய விரிச்சிட்டா, திட்டக்குடிக்கே குடுத்துடலாம்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, சொன்னது என் வாய்தானா என்று இருந்தது.

ரெண்டு லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம். புது லேப்டாப் கொழுந்தனார் மடியில், பழசு என் மடியில்.

கடை சிதம்பரம் மேல வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் இருந்தது. கடைக்காரர் நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். அதுவே பெரிய விஷயம். பிறகு புது லேப்டாப்பை ஓரமாக நகர்த்திவிட்டுப் பழசை எடுத்துக்கொண்டார்.

"பழைய ஓ.எஸ்.ஸ எதுக்குக்கா புதுசுல போய் ஏத்தறீங்க? இதுலயே ஏத்திக்கலாமே. டிஸ்க்குதான போயிருக்குது. வேற டிஸ்க்கு போட்டா இது நல்லாத்தான் இருக்குது."

"அதுக்கு லைசென்ஸு?"

"இதோட வந்த லைசென்ஸே போதும். இது இந்த லேப்டாப்போட பொறந்தது. வேற எதுலயும் போட முடியாது. லேப்டாப்பு போனா அதுவும் போயிரும்."

"இது என்னா லைசென்ஸா, பத்தினியா?" என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கொழுந்தனார் மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த லைசென்ஸ் எங்க இருக்குது? இதுவும் உள்ள போர்டுல இருக்குதா, கண்ணுக்குத் தெரியாம?"

"இல்லக்கா. அப்பல்லாம் ஸ்டிக்கர்ல அச்சடிச்சி அடியில ஒட்டித் தருவாங்க. அந்த நம்பர அடிச்சா போதும்."

பாருங்கள், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்! கடலூர் பூராவும் தூக்கிக்கொண்டு அலைந்த லேப்டாப்பின் அடியிலேயே இருந்திருக்கிறது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கடைக்காரர் லேப்டாப்பைத் திருப்பினார்.

அடியில் ஸ்டிக்கர் தெரியவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் சந்தனமும் குங்குமமும் அடை அடையாக அப்பியிருந்தது.

"என்னாக்கா இது?" என்றார் கடைக்காரர்.

ஆயுத பூஜை என்றால் என் வீட்டுக்காரருக்கு வெறி. வேனைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பொட்டு வைத்து முடித்தாலும் கை அடங்காது. வீட்டுக்குள் வந்து மிக்ஸிக்கு வைப்பார், கத்தரிக்கோலுக்கு வைப்பார், அயர்ன்பாக்ஸுக்கு வைப்பார், மெஷினுக்கு மாலையே போடுவார். நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருப்பேன். லேப்டாப் வாங்கிய வருஷம், அதைத் திருப்பிப் போட்டு வைத்துக்கொண்டு அங்கிருந்தே கத்தினார்.

"இங்கதான்டி சூடா இருக்குது. இன்ஜின் அடியில இருக்குது போல. பாரு, நம்பர் கூட ஒட்டியிருக்கான்!"

"எதையாவது வைங்க, சீக்கிரம் வாங்க" என்றேன் நான்.

வண்டியில் நம்பர் பிளேட்டுக்குப் பொட்டு வைக்கிற மாதிரி, அந்த நம்பர் மேலேயே வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு வருஷா வருஷம் அதே இடத்தில், அதன் மேலேயே. டிரைவர் புத்தி! நம்பர் இருக்கிற இடம்தான் வண்டிக்கு முகம் அவருக்கு. அவர் இறந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வீட்டில் ஒரு பொட்டும் வைக்கவில்லை. துக்க வீடு. அதனால் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது அவர் கடைசியாக வைத்ததுதான். மோதிர விரலால் வையுங்கள் என்று எத்தனை சொன்னாலும் கேட்காமல் கட்டைவிரலால்தான் அழுத்துவார். அந்த அகலம் அப்படியே தெரிந்தது. ரேகைகூட இருக்கிற மாதிரி எனக்குப் பட்டது. இருந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை.

கடைக்காரர் ஏதோ ஒரு பாட்டிலை எடுத்தார். "தின்னர் போட்டா வந்துரும், ஆனா எழுத்தும் சேந்து வந்துருமோன்னு பயமா இருக்குது" என்றார்.

கொழுந்தனார் அதற்குள் லேப்டாப்பின் மேல் கையை வைத்துவிட்டார். "வேணாம் அண்ணி. இது அண்ணன் வெச்சது. தொடைக்காதீங்க. வேற ஏதாவது வழி பாப்போம்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மெஷினையே தூக்கித் திட்டக்குடிக்கு அனுப்பச் சொன்னவர், இத்தனூண்டு குங்குமத்துக்குக் குறுக்கே நிற்கிறார். நானும் சேர்ந்து குழம்பிப்போய் நின்றேன். துடைத்தால் அவர் விரல் போகும். துடைக்காவிட்டால் நாங்கள் சேர்ந்து வாங்கிய மெஷின் போகும். இரண்டில் எது அவர்? யாரைப் போய்க் கேட்பது?

"வேற வழின்னா?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"வேற வழி இல்லக்கா. நம்பர் இல்லாம இது வெறும் டப்பா."

"தள்ளுங்க தம்பி" என்றேன். "தின்னரெல்லாம் வேணாம். கொஞ்சம் பஞ்சும் தண்ணியும் குடுங்க. நான் பாத்துக்கறேன்."

பட்டுத் துணியில் குங்குமம் சிந்தினால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். கல்யாண பிளவுஸ் தைக்கிறவளுக்கு அது தெரியாமல் முடியாது. தேய்க்கவே கூடாது. முதலில் உலர்ந்த தூளை ஊதி, மெல்லத் தட்டி எடுக்க வேண்டும். பிறகு நனைத்த பஞ்சைப் பிழிந்துவிட்டு, ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். அப்படித்தான் எடுத்தேன். முதலில் போனது அந்தக் கட்டைவிரல்தான். ஒரே ஒற்றில் பஞ்சு சிவந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் கொட்டியது, மூக்கு ஒழுகியது, கை ஒற்றிக்கொண்டே இருந்தது. அதற்குக் கீழே முந்தின வருஷம், அதற்கும் கீழே இன்னொரு வருஷம். அடியில் சந்தனம் காரை மாதிரி இறுகிக் கிடந்தது. அதை ஊறவைத்து, நகத்தால் நெம்பாமல் எடுக்க வெகு நேரம் பிடித்தது. கடைக்காரர் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார்.

கடைசியில் நம்பர் வந்தது. மஞ்சள் ஏறியிருந்தது, ஆனால் ஓர் எழுத்துகூட அழியவில்லை. சந்தனம் மூடியிருந்ததால்தான் தேயாமல் இருக்கிறது என்றார் கடைக்காரர். மற்றவர்களுடையதெல்லாம் மடியில் உரசி உரசி அழிந்துபோய்த்தான் வருமாம். கேட்டதும் கொழுந்தனார் வாசல் பக்கம் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

புது டிஸ்க் போட்டு, ஓ.எஸ். ஏற்றி, நம்பரையும் அடித்தாயிற்று. முடிந்தது என்று பார்த்தால் முடியவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் அல்லவா? போன் போட்டு ஒப்புதல் வாங்க வேண்டுமாம். கடைக்காரர் ஸ்பீக்கரில் போட்டார். மெஷின் குரல் ஒன்று இங்கிலீஷில் பேசியது. ஏதேதோ நம்பரை அடித்துக்கொண்டே வந்தவர், நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இந்த லைசென்ஸ எத்தனை கம்ப்யூட்டர்ல போட்டிருக்கீங்கன்னு கேக்குதுக்கா."

"எத்தனைன்னா?" என்றேன். எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. "டிஸ்க்கு செத்துப் போச்சே, அப்ப இருந்தது ஒண்ணு. இப்ப புது டிஸ்க்குல போட்டது ஒண்ணு. செத்ததையும் கணக்குல சேக்கணுமா?"

மெஷின் குரல் மறுபடியும் கேட்டது. அதே குரல், அதே கேள்வி, எத்தனை? ரேஷன் கடையில் போன மாசம் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டபோதும் இப்படித்தான் கணக்குத் தெரியாமல் நின்றேன். கார்டில் அவர் பேர் இன்னும் இருக்கிறது. எடுக்க வேண்டும் எடுக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், எனக்குத்தான் கை போகவில்லை.

"சீக்கிரம் சொல்லுங்கக்கா, கட்டாயிரும்."

"ஒண்ணுதான்" என்றேன். "ஒண்ணே ஒண்ணு."

அவர் ஒன்றை அழுத்தினார். அந்தக் குரல் நன்றி சொல்லிவிட்டு, நீளமாக ஒரு நம்பரை வாசிக்க ஆரம்பித்தது. அதை அடித்ததும் திரையில் உண்மையான காப்பி என்று வந்தது. புரோகிராமையும் ஏற்றிவிட்டு டாங்கிளைச் சொருகினேன். புரோகிராம் ஒன்றும் நடக்காத மாதிரி திறந்துகொண்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஏன் அழுகிறேன் என்று கடைக்காரருக்கும் புரிந்திருக்காது, எனக்கும் முழுசாகப் புரியவில்லை.

கிளம்பும்போது கடைக்காரர் ஸ்டிக்கர் மேல் கண்ணாடி டேப் ஒட்டிக் கொடுத்தார். "இனிமே இதும்மேல என்னா பட்டாலும் நம்பருக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். பஸ்ஸில் கொழுந்தனார் திட்டக்குடிக்குப் போன் போட்டு, மெஷின் விற்பதற்கில்லை என்று அவராகவே சொன்னார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிளவுஸ் முகூர்த்தத்துக்கு முன்னாலேயே கிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த லைசென்ஸ் கணக்கு எனக்கு இன்னமும் பிடிபடவில்லை. கொழுந்தனார் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். புது லேப்டாப்பை அவரே திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கொழுந்தனாரே வந்தார். மெஷினுக்கு மாலை போட்டார், கத்தரிக்கோலுக்கும் அயர்ன்பாக்ஸுக்கும் பொட்டு வைத்தார். லேப்டாப்புக்கு வந்ததும் தட்டோடு அப்படியே நின்றார். மூடியில் வைக்கலாமா என்று கேட்டார். நான் லேப்டாப்பை எடுத்துத் திருப்பிப் போட்டேன். அவர் கையிலிருந்த தட்டை வாங்கினேன். நான் குங்குமம் தொட்டு இரண்டு வருஷம் ஆகப் போகிறது.

சந்தனத்தைத் தொட்டு டேப்பின் மேல் வைத்தேன். அதன் மேல் குங்குமத்தை எடுத்து, கட்டைவிரலால் அழுத்தினேன்.

"அண்ணி, நம்பர் மறையுது."

"மறைஞ்சா என்னா தம்பி, அடியிலதான இருக்குது" என்றேன்.